ஓடும்போது நிரம்பி, நிற்கும்போது வடிவது: ரயில் ஊர்திகளில் ஈய-அமில பேட்டரி

ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு மின்சாரப் பஞ்சம் இல்லை. சக்கர அச்சு சுழல்கிறது, டீசல் எஞ்சின் இயங்குகிறது, அல்லது தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பி போகிறது. ரயில் நின்ற பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சிக்னலுக்காக நடுக்காட்டில் நிற்கும் பெட்டியில் விளக்கும் மின்விசிறியும் இயங்க வேண்டும். அணைந்து கிடக்கும் பதினாறு சிலிண்டர் டீசல் எஞ்சினை முதலில் யாராவது சுழற்றிவிட வேண்டும். மின்சார எஞ்சினில் பாண்டோகிராஃப் எழுந்து கம்பியைத் தொடுவதற்கு முன்பே கட்டுப்பாட்டுச் சுற்றுகள் விழித்திருக்க வேண்டும். ஆகவே ஊர்திக்குள்ளேயே சேமித்த மின்சாரம் தேவை.

அந்த மின்சாரத்தை எதில் சேமிப்பது, எவ்வளவு சேமிப்பது, எப்படி நிரப்புவது? 1880களில் தொடங்கிய இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. பேட்டரியே முழு மின்மூலமாக இருக்கட்டும் என்றார்கள் சிலர். அச்சில் ஓடும் டைனமோவுக்குத் துணையாக இருந்தால் போதும் என்றார்கள் வேறு சிலர். ஈயத்தை விட்டு நிக்கலுக்கோ லித்தியத்துக்கோ போக வேண்டும் என்பது மூன்றாவது கட்சி. பேட்டரியின் வேலையையே கம்பியிடம் கொடுத்துவிடலாம் என்பது அண்மைக் காலக் குரல். ஒவ்வொன்றுக்கும் அதன் காலத்தில் நியாயம் இருந்திருக்கிறது. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவு அழுத்தம் பெறுகிறது: எந்த பேட்டரி நல்லது என்று நடந்த சர்ச்சைகளில் பெரும்பகுதி, பேட்டரியை எப்படி நிரப்புவது, எந்த அளவுக்கு வடிய விடுவது என்ற சர்ச்சைதான்.

செல்லுக்குள் நடப்பது

1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கவைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றி மின்னிறக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின் மேற்பரப்பு நுண்துளை நிறைந்ததாக மாற, கொள்ளளவு கூடியது. இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டியிருந்தது. 1881இல் காமில் ஃபோர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசிக் காலத்தைச் சுருக்கினார். அதே ஆண்டு ஜான் செல்லன் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்த உறுதியான கிரிட் (பூச்சைத் தாங்கும் சட்டம்) ஒன்றைப் பதிவு செய்தார். இன்று ரயில் பெட்டியின் அடியில் தொங்கும் செல்லின் அடிப்படை இந்த மூன்று பேரின் வேலைதான்.

செல் எப்படி இயங்குகிறது என்பதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விடையை 1882இல் கிளாட்ஸ்டனும் டிரைபும் முன்வைத்தார்கள். மின்னிறக்கத்தின்போது நெகட்டிவ் தகட்டின் பஞ்சு ஈயமும் பாசிட்டிவ் தகட்டின் ஈய டைஆக்சைடும் அமிலத்தோடு வினைபுரிந்து இரண்டுமே ஈய சல்ஃபேட் ஆகின்றன. அமிலம் செலவாகிறது, நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது எல்லாம் தலைகீழாகத் திரும்புகிறது. இரு தகட்டிலும் சல்ஃபேட் உருவாவதால் இதை இரட்டைச் சல்ஃபேட் கோட்பாடு என்கிறார்கள். 1901இல் ஜெர்மனியின் டோலெசாலெக் வெப்ப இயக்கவியல் கணக்கில் இதற்கு வலுச்சேர்த்தார். அதன் பிறகும் மறுப்பு ஓயவில்லை. பாசிட்டிவ் தகட்டில் இருப்பது டைஆக்சைடே அல்ல, அதைவிட ஆக்சிஜன் ஏறிய வேறொரு சேர்மம் என்று பிரான்சின் ஷார்ல் ஃபெரி வாதிட்டார். அமெரிக்கத் தரநிலைக் கழகத்தில் வினாலும் கிரெய்கும் அமிலத்தின் செலவைத் துல்லியமாக அளந்து, பழைய கோட்பாடே பொருந்துகிறது என்று காட்டிய பிறகு அந்தச் சர்ச்சை தணிந்தது.

மற்ற பேட்டரிகளில் பெரும்பாலானவற்றில் திரவம் வெறும் பாதைதான். இங்கே அமிலமும் வினைபடுபொருள். பெட்டி பராமரிப்பில், அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டருக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு இதுவே காரணம். இந்திய ரயில் பெட்டிகளின் திரவ செல்லில் முழு மின்னேற்றத்தில் ஒப்படர்த்தி 1.210 முதல் 1.220 வரை இருக்கும். வடிய வடிய அது இறங்கும். ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் சும்மா இருக்கும் செல்லின் வோல்ட் ஏறத்தாழக் கிடைத்துவிடும். கார் பேட்டரியில் இதைவிட அடர்ந்த அமிலம் ஊற்றுகிறார்கள். வெப்ப நாட்டில், ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய பெட்டி பேட்டரிக்கு நீர்த்த அமிலமே ஆயுள் தருகிறது.

ஒரு செல்லுக்கு 2 வோல்ட்டுக்கு மேல் கிடைப்பது ஏன் என்ற கேள்விக்கு 2011இல்தான் முழுமையான விடை வந்தது. கனமான ஈய அணுவில் எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுவதால் சார்பியல் விளைவு குறுக்கிடுகிறது என்றும், 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை அந்த விளைவின் கொடை என்றும் சுவீடன், ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இரட்டைச் சல்ஃபேட் கோட்பாட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வரவு செலவைச் சரியாகச் சொல்லும் அது, செல் ஏன் கிழடாகிறது என்பதைச் சொல்வதில்லை. பாசிட்டிவ் தகட்டில் டைஆக்சைடு சல்ஃபேட்டாக மாறும்போது கனஅளவு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. நெகட்டிவ் தகட்டில் இரண்டரை மடங்கையும் தாண்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு இப்படி வீங்கிச் சுருங்கினால் உதிராமல் என்ன செய்யும்? புதிதாக உண்டான சல்ஃபேட் நுண்படிகமாக இருப்பதால் எளிதில் திரும்பிவிடும். நாள்கணக்கில் விட்டுவைத்தால் பெரிய படிகமாக வளர்ந்து மின்னேற்றத்துக்கு அசையாது. ஆக, தாமதமாக நிரப்புவது செல்லுக்கு நஞ்சு. அதிகமாக நிரப்பினாலும் கேடுதான்: பாசிட்டிவ் கிரிட் அரிபடும், நீர் வாயுவாகப் பிரியும். மிகைமின்னேற்றத்தில் ஒரு ஆம்பியர்-மணிக்கு ஒரு செல் ஏறத்தாழ 0.34 கிராம் நீரை இழந்து 0.42 லிட்டர் ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. 56 செல் கொண்ட பெட்டி பேட்டரிக்கு வெறும் 10 ஆம்பியர்-மணி கூடுதலாகப் போனாலே 230 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடிய வாயு அது; பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டத் துளைகள் இருப்பது அதனால்தான்.

விளக்குக்கு வந்த பேட்டரி

ஃபோர் பசைத் தகட்டைச் செய்த அதே 1881இல், லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ஓடிய புல்மேன் பெட்டி ஒன்றில் அவருடைய செல்களை வைத்து மின்விளக்கு எரித்தார்கள். நிலையத்தில் நிரப்பி வழியில் செலவழிக்கும் முறை அது. பேட்டரியே முழு மூலம் என்ற நிலைப்பாட்டின் தொடக்கம் இங்கேதான். எளிமை அதன் பலம். பயணம் நீண்டால் விளக்கு மங்குவதும், இருட்டுவதற்குள் கனத்த செல்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதும் பலவீனம். எரிவாயு விளக்கு மலிவாக இருந்ததால் பல கம்பெனிகள் அதிலேயே நின்றன. அந்த மலிவுக்கு உயிர்களை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் 1910இல் ஹாஸ் ஜங்ஷனிலும் 1913இல் ஆய்ஸ் கில்லிலும், ஸ்காட்லாந்தில் 1915இல் குவின்டின்ஸ்ஹில்லிலும் மோதலைத் தொடர்ந்து எரிவாயு பற்றிய தீ மரப்பெட்டிகளைச் சாம்பலாக்கியது. மின்விளக்குக்காக வாதாடியவர்கள் இந்த விபத்துகளைச் சுட்டிக்காட்டியது நியாயமே.

இதற்குள் இரண்டாவது நிலைப்பாடு முதிர்ந்திருந்தது. அச்சோடு பெல்ட்டால் இணைத்த டைனமோ ஓட்டத்தில் மின்சாரம் தரட்டும். பேட்டரி நிறுத்தத்தில் மட்டும் தாங்கட்டும். 1890களில் லண்டன் டெப்ட்ஃபர்டின் ஜே. ஸ்டோன் கம்பெனி பரப்பிய அமைப்பு இந்த வகைதான். அதன் கட்டுப்பாட்டு முறையை இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பு அடங்காது. டைனமோவை ஊசலாடும்படி தொங்கவிட்டு, வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் பெல்ட் தானே வழுக்கும்படி செய்தார்கள். ரயில் எவ்வளவு விரைந்தாலும் மின்னோட்டம் அதற்கு மேல் ஏறாது. திசை மாறினால் முனைகளை மாற்றவும், வேகம் குறைந்தால் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடாமல் துண்டிக்கவும் தானியங்கி சுவிட்ச் இருந்தது.

தீராமல் நின்றது விளக்கின் வோல்ட். வடியும் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போகும். நிரம்பும் செல் 2.5 வரை ஏறும். 24 வோல்ட் அமைப்பில் இது 6 வோல்ட் வேறுபாடு; ஓடும்போது இழைவிளக்கு கண்ணைப் பறித்துச் சீக்கிரம் கருகும், நின்றால் மங்கும். அதற்காக ஸ்டோன் இரட்டை பேட்டரி வைத்தது: ஒன்று நிரம்பும்போது மற்றொன்று விளக்கைத் தாங்கும். பாரம் இரண்டு மடங்கு. நிரப்பும் விதியைச் சரியாக அமைக்க முடியாதபோது பேட்டரியின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளித்தார்கள். இந்தப் பழக்கம் பின்னாலும் பலமுறை திரும்புகிறது.

இந்தியப் பெட்டிகளின் அனுபவம்

இந்திய ரயில்வே பல பத்தாண்டுகள் 24 வோல்ட் டைனமோவோடு வாழ்ந்து, பின்னர் பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டருக்கும் 110 வோல்ட்டுக்கும் மாறியது. தானே மின்சாரம் செய்துகொள்ளும் இந்த வகைப் பெட்டியில் ஏசி இல்லாததற்கு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டரும் 120 ஆம்பியர்-மணி பேட்டரியும். ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர்களும் 1100 ஆம்பியர்-மணி வரையிலான பேட்டரியும். அச்சின் வேகத்துக்கேற்ப மாறும் மின்சாரத்தை நேராக்கி ஒழுங்குபடுத்த ரெக்டிஃபயர்-ரெகுலேட்டர் யூனிட் உண்டு. ஒரு பெட்டியின் பெல்ட் கழன்றாலோ அறுந்தாலோ பக்கத்துப் பெட்டியிலிருந்து இணைப்பு கொடுக்கும் வசதியும் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் கட்டிய பயணிகள் பெட்டிகளில் பெரும்பகுதி ஓடியது இந்த ஏற்பாட்டில்தான்.

எண்களைச் சற்று விரித்துப் பார்க்கலாம். 110 வோல்ட், 1100 ஆம்பியர்-மணி என்றால் பெயரளவில் 121 கிலோவாட்-மணி. ஈய-அமில வேதியியலின் கோட்பாட்டு உச்சம் ஒரு கிலோவுக்கு 167 வாட்-மணி. கிரிட், அமில நீர், பிரிப்பான், உறை எல்லாம் சேர்ந்த நிஜ பேட்டரி தருவது 30 முதல் 40. ஆக, ஒரு ஏசி பெட்டி தன் வயிற்றின் கீழே மூன்றரை டன்னை ஒட்டிய ஈயச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த 121ம் முழுதாகக் கிடைக்காது. 1897இல் பொய்க்கர்ட் என்ற ஆய்வாளர் காட்டியபடி, எவ்வளவு விரைவாக இழுக்கிறோமோ அவ்வளவு கொள்ளளவு குறையும். பத்து மணி நேரத்தில் வடிக்கும் கணக்கில் எழுதப்பட்ட எண், ஏசி கம்ப்ரஸரின் கனத்த இழுப்புக்கு முன் சுருங்கிவிடும்.

இந்தப் பெட்டிகளின் உண்மையான சோதனை கால அட்டவணையில் இருக்கிறது. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸில் பேட்டரி எப்போதும் நிரம்பியே இருக்கும். அங்கே ஆபத்து மிகைமின்னேற்றமும் நீர் வற்றலும். நிலையத்துக்கு நிலையம் நின்று, கிராசிங்கில் காத்து, மெதுவாகப் போகும் பாசஞ்சரில் ஆல்டர்னேட்டர் முழு விளைச்சல் தரும் வேகத்தை அடைந்தவுடன் பிரேக் விழுகிறது. அங்கே பேட்டரி நாள்கணக்கில் அரைகுறையாகவே கிடந்து சல்ஃபேட் ஏறுகிறது. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வந்த இரண்டு பேட்டரிகள் இரண்டு வேறு ரயில்களில் இரண்டு வேறு விதமாகச் சாகக்கூடும். பேட்டரியின் தரம் குறித்த பல குற்றச்சாட்டுகளை இந்தக் கோணத்தில் திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்.இ.டி. விளக்கும் சிக்கன மின்விசிறியும் வந்தபின் சுமை குறைந்து நிலைமை இளகியிருக்கிறது. செல்லுக்குள் எதையும் மாற்றாமலேயே அதன் வாழ்க்கையை மாற்றிய சீர்திருத்தம் அது.

டீசல் எஞ்சினைத் தொடங்கும் பேட்டரியின் வாழ்க்கை வேறு. சில நொடிகளுக்கு மிகப் பெரிய மின்னோட்டம், பிறகு மணிக்கணக்கில் நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும் மிதவை மின்னேற்றம். குறுகிய நேரத்தில் பெருவெள்ளமாகக் கொடுப்பதில் ஈய-அமிலத்துக்கு இணையான மலிவுப் பொருள் இல்லாததால், இந்த இடத்தில் சர்ச்சை அதிகம் எழவில்லை.

வண்டியையே இழுக்கும் பேட்டரி

விளக்குக்கு உதவும் பேட்டரி வண்டியையே இழுக்காதா என்ற கனவை ஜெர்மனி மற்ற எவரையும்விடக் கருத்தாகப் பின்தொடர்ந்தது. பிரஷ்ய அரசு ரயில்வேயில் குஸ்தாவ் விட்ஃபெல்ட் வடிவமைத்த பேட்டரி ரயில்கார்கள் 1907 முதல் வந்தன. அமில ஆவி பயணிகளை உறுத்தாதபடி செல்களை வண்டியின் இரு முனைகளிலும் தாழ்ந்த மூக்கு போன்ற அறைகளில் வைத்தார். அவற்றில் சில இரண்டு உலகப் போர்களையும் தாண்டி ஓடின. 1950களின் நடுவிலிருந்து 1965 வரை மேற்கு ஜெர்மனி இ.டி.ஏ. 150 வகையில் 230க்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகளைக் கட்டியது. மணிக்கு 100 கி.மீ. வேகம், இரவில் மலிவு மின்சாரத்தில் நிரப்பு, பகலில் கிளைப்பாதையில் ஓட்டம். ரூர் தொழிற்பகுதியில் கடைசி வண்டிகள் 1995 வரை ஓடின.

கிலோவுக்கு முப்பது சொச்சம் வாட்-மணி மட்டுமே தரும் வேதியியலால் நாற்பது ஆண்டு பயணிகள் சேவை சாத்தியமானது எப்படி? தண்டவாளத்தில் உருளுராய்வு மிகக் குறைவு. சமவெளியில் கூடுதல் டன்கள் சாலை வாகனத்தில் போலக் கொல்வதில்லை. ஆனால் அதைவிட முக்கியமானது ஒழுங்கு என்று தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் தெரிந்த தூரம், தெரிந்த ஆழத்துக்கு வடிதல், ஒவ்வொரு இரவும் முழு நிரப்பு, பயிற்சி பெற்ற பணிமனை. ஈய செல் விரும்பும் வாழ்க்கையை ஜெர்மானியக் கிளைப்பாதை கொடுத்தது.

ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கும் பாலட்டருக்கும் இடையே 1958இல் 216 செல்களோடு ஒரு பேட்டரி ரயில் ஓடத் தொடங்கியது. 1966இல் அந்தப் பாதையே மூடப்பட்டதால், அதைத் தொழில்நுட்பத் தோல்வி என்று எண்ணுவது முறையல்ல. லண்டன் சுரங்க ரயிலின் பராமரிப்பு எஞ்சின்களோ, இரவில் மின்தண்டவாளத்தை அணைத்த பிறகு பேட்டரியில் ஓடி, மின்சாரம் இருக்கும் இடத்தில் அதிலிருந்தே நிரப்பிக்கொள்ளும் முறையில் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன.

எதிர்ச்சாட்சி வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. கனடாவின் ரெயில்பவர் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் 'கிரீன் கோட்' என்ற யார்டு எஞ்சினைக் கொண்டுவந்தது. சிறு டீசல் ஜெனரேட்டர் ஓயாமல் நிரப்ப, பெரிய ஈய-அமில தொகுப்பு இழுவைச் சுமையைத் தாங்கும் கலப்பு முறை. சில எஞ்சின்களின் பேட்டரியில் தீப்பற்றியதால் அவை திரும்பப் பெறப்பட்டன. 2009இல் நார்ஃபோக் சதர்ன் ரயில்வே பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1,080 ஈய-அமில பேட்டரிகளோடு 999 எண்ணிட்ட எஞ்சினைக் காட்டியது. பிரேக்கில் கிடைக்கும் ஆற்றலையும் திரும்பச் சேமிப்பது அதன் நோக்கம். பின்னர் அந்த நிறுவனம் கார்பன் கலந்த ஈய பேட்டரிப் பக்கம் நகர்ந்தது. இந்த இரண்டும் ஜெர்மானிய வண்டிகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை. இத்தகைய எஞ்சினில் பேட்டரி பெரும்பாலும் முழுதாக நிரம்புவதில்லை, முழுதாக வடிவதுமில்லை. இடைநிலையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் ஆற்றலைப் பெற இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதால் அப்படித்தான் வைத்தாக வேண்டும். ஈய செல்லுக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. நெகட்டிவ் தகட்டில் சல்ஃபேட் படிகிறது. நூற்றுக்கணக்கான செல்கள் தொடராக இருக்கும்போது ஒன்றுக்கொன்று நிலை பிசகுகிறது.

மூடிய செல்லின் வாக்குறுதி

நீர் ஊற்றத் தேவையில்லாத செல் வேண்டும் என்ற ஆசை பராமரிப்புச் செலவிலிருந்து பிறந்தது. 1935இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹேரிங்கும் தாமஸும் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்தால் வாயுப் பெருக்கம் குறையும் என்று காட்டினார்கள். 1950களில் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாகே அமிலத்தை ஜெல்லாக்கினார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெக்லெலண்டும் டெவிட்டும் நுண்கண்ணாடி இழைப் பிரிப்பானில் அமிலத்தை ஊறவைத்தார்கள். பாசிட்டிவில் எழும் ஆக்சிஜன் நெகட்டிவுக்குப் போய் மீண்டும் நீராவதால் வால்வு மூடியே இருக்கலாம். இந்திய ஏசி பெட்டிகள் பெருமளவில் இந்த வகைக்கு மாறின.

ஆதரவாளர்கள் சொல்வது சரி: டிஸ்டில்டு வாட்டர் டப்பாவோடு ஊழியர் பெட்டிக்கு அடியில் குனிய வேண்டியதில்லை, அமிலம் சிந்தாது, ஆவி குறைவு. இதற்குக் கொடுத்த விலையும் பெரியது. திரவ செல் மிகைமின்னேற்றத்தை நீரிழப்பாகக் காட்டி மன்னித்துவிடும். மூடிய செல்லில் இழந்த நீர் திரும்பாது. ஆக்சிஜன் மறுசேர்க்கை வெப்பம் தருகிறது. சூடான செல் அதிக மின்னோட்டம் இழுக்கிறது. அது இன்னும் சூடாகிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொது அளவுகோல். ஆகவே வெப்பத்துக்கேற்ப நிரப்பும் வோல்ட்டைக் குறைத்தாக வேண்டும். செல்லுக்கு டிகிரிக்குச் சுமார் 3 மில்லிவோல்ட். 27 டிகிரியில் அமைத்த 56 செல் தொகுப்பு சித்திரை வெயிலில் 47 டிகிரியைத் தொட்டால் 3 வோல்ட்டுக்கு மேல் இறக்க வேண்டும். ரெகுலேட்டர் அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல செல்லும் வற்றிப்போகும். ஹைட்ரோமீட்டரும் உள்ளே போக முடியாது. செல்லின் உடல்நிலையை அறிய வோல்ட்டும் உள்மின்தடையும்தான் மிச்சம். இரண்டுமே தாமதமாக எச்சரிப்பவை.

நிக்கலும் லித்தியமும்

1899இல் சுவீடனின் யுங்னர் நிக்கல்-காட்மியம் செல்லைச் செய்தது முதல் ஈயத்துக்குப் போட்டி இருந்துவருகிறது. அயர்லாந்தில் ஜேம்ஸ் டிரம் உருவாக்கிய நிக்கல்-துத்தநாக பேட்டரி 1932 முதல் டப்ளினுக்கும் பிரேவுக்கும் இடையே பயணிகள் ரயிலை இழுத்தது. நிக்கல்-காட்மியத்தில் கார திரவம் வினைக்குள் கலப்பதில்லை, வடிந்த நிலையில் கிடந்தாலும் கெடுவதில்லை, குளிரிலும் தளர்வதில்லை. இந்திய மின்சார எஞ்சின்களின் 110 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு இது நீண்ட காலமாகப் பயன்படுகிறது. செல்லுக்கு 1.2 வோல்ட் மட்டுமே என்பதால் எண்ணிக்கை கூடும், விலையும் பல மடங்கு. காட்மியமோ ஈயத்தைவிட நச்சு குறைந்தது அல்ல. தவறான நிரப்பலைப் பொறுத்துக்கொள்ளும் குணத்துக்காகத்தான் இதற்கு அந்த விலை கொடுக்கப்படுகிறது.

லித்தியத்தின் வாதம் எடையில் தொடங்குகிறது. ஜப்பானின் ஜே.ஆர். ஈஸ்ட் 2014இல் கரசுயாமா பாதையில் ஓட்டத் தொடங்கிய ரயில், கம்பி உள்ள இடத்தில் நிரப்பிக்கொண்டு, கம்பி இல்லாத சுமார் 20 கி.மீ. தூரத்தை லித்தியம் பேட்டரியில் கடக்கிறது. ஈயத்தைக் கொன்ற இடைநிலை வாழ்க்கையே லித்தியத்துக்கு இதமானது. அதனால் வண்டியை இழுக்கும் வேலையில் இந்த விவாதம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பெட்டியின் விளக்குக்கும் அவசரத்துக்குமான துணை பேட்டரியில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே எடை இரண்டாம்பட்சம். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு இல்லாமல் லித்தியத்தைப் பயன்படுத்த முடியாது. மூடிய பயணிகள் பெட்டியில் தீயின் விளைவு கடுமை. மாற்றத்தோடு வரும் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். லித்தியத்துக்கு மாறும் இடங்களில் கட்டுப்பாட்டு மின்னணுவும் சேர்ந்தே மாறுகிறது. கூடும் ஆயுளில் எவ்வளவு புது வேதியியலால், எவ்வளவு புது நிரப்பு ஒழுங்கால் என்று பிரிப்பது எளிதல்ல.

கம்பியிடம் ஒப்படைத்தால்

சக்கரத்திலிருந்து பெல்ட் வழியாக மின்சாரம் எடுப்பதும் கடைசியில் எஞ்சினின் இழுவையிலிருந்து எடுப்பதுதான். வழியில் இழப்பு அதிகம். இந்த வாதத்தில் இருந்துதான் ரயிலின் முனைகளில் டீசல் ஜெனரேட்டர் பெட்டிகள் வந்தன. பிறகு, மின்கம்பியிலிருந்து எஞ்சினே 750 வோல்ட் மும்முனை மின்சாரமாக மாற்றி முழு ரயிலுக்கும் தரும் முறை இந்தியாவில் பரவியது. டீசல் புகையும் இரைச்சலும் போயின. ஏசி சுமையைத் தாங்கும் மூன்றரை டன் பேட்டரி இந்த ரயில்களுக்குத் தேவையில்லை.

அவ்வளவு முழுமையான விடையும் அல்ல இது. வெவ்வேறு துணை மின்நிலையங்களின் கம்பிகள் சந்திக்கும் நடுநிலைப் பகுதியைக் கடக்கும் சில நொடிகள் மின்சாரம் இருக்காது. எஞ்சின் மாற்றும்போது சில நிமிடங்கள். கம்பி அறுந்தால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. விபத்தில் கவிழ்ந்த பெட்டியில் வாசலைக் காட்ட எரிய வேண்டிய விளக்குக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே மின்சாரம் இருந்தாக வேண்டும். பேட்டரி சிறிதாகிறது, பொறுப்பு குறையவில்லை. எப்போதாவது ஒரு முறை மட்டும் அழைக்கப்படும் பேட்டரி செத்திருப்பது அழைக்கப்படும்வரை வெளியே தெரியாது. தினமும் உழைத்த பழைய பெட்டி பேட்டரி தன் நோயைத் தினமும் காட்டிக்கொண்டிருந்தது.

ஈயத்தின் இன்னொரு கணக்கு

ஈய பேட்டரியின் சார்பில் வைக்கப்படும் வலுவான வாதம், மற்ற எதையும்விட முழுமையாக மறுசுழற்சி ஆகும் பொருள் அது என்பது. முறையான உருக்காலையில் அது உண்மை. குடியிருப்புக்கு நடுவே பேட்டரியை உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கும் இடத்தில் அதே மறுசுழற்சி குழந்தைகளின் மூளையை அழிக்கிறது. உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த்தும் 2020இல் மதிப்பிட்டு, முறைசாரா பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டன. இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை விரித்திருக்கின்றன. ரயில்வே போன்ற பெரிய வாங்குபவரால் பழைய பேட்டரி எங்கே போகிறது என்று கடைசிவரை பின்தொடர முடியும். சில்லறைச் சந்தையால் முடியாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஈயத்தை மொத்தமாகப் போற்றுவதும் மொத்தமாக விலக்குவதும் அவசரத் தீர்ப்பாகும்.

தீர்ந்ததும் தீராததும்

செல்லின் அடிப்படை வினை குறித்து இன்று தீவிரமான ஐயம் இல்லை. வண்டியை இழுக்கும் வேலையில், இடைநிலையிலேயே ஏறி இறங்கும் எஞ்சின்களுக்கு வழக்கமான ஈய-அமிலம் பொருந்தாது என்ற முடிவுக்குப் போதிய சான்று சேர்ந்திருக்கிறது. டீசல் தொடக்கத்திலும் முழுதாக நிரம்பி மிதக்கும் துணை வேலையிலும் அதன் இடம் இன்னும் உறுதியாக இருக்கிறது.

நெகட்டிவ் தகட்டில் கார்பன் சேர்த்தால் இடைநிலை வாழ்க்கையைத் தாங்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அல்ட்ராபேட்டரி போன்ற முயற்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கார்பன் எந்த வழியில் உதவுகிறது, மின்கடத்தியாகவா, மின்தேக்கியாகவா, படிக வளர்ச்சியைத் தடுக்கும் துகளாகவா என்பதில் வேதியியலாளர்கள் ஒன்றுபடவில்லை. பாசிட்டிவ் பூச்சின் நுண்கட்டமைப்பு குறித்து பல்கேரியாவின் பாவ்லோவ் முன்வைத்த ஜெல்-படிகக் கருத்தும் எல்லோராலும் ஏற்கப்பட்டதல்ல. கொள்ளளவு திடீரென்று சரியும் செல்களை விளக்க அது உதவுகிறது என்ற அளவில் நிற்கிறது.

ரயில் நிர்வாகங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் விடை இன்னொன்று. ஒரே பாதையில், ஒரே அட்டவணையில், ஒரே தரமான வெப்ப ஈடுசெய்யும் ரெகுலேட்டரின் கீழ் திரவ ஈயம், மூடிய ஈயம், நிக்கல், லித்தியம் நான்கையும் ஓட்டி ஆயுள் செலவை ஒப்பிட வேண்டும். இப்போது கையில் உள்ள ஒப்பீடுகளில் பல, வேறு வேறு நிரப்பு முறைகளின் கீழ் வாழ்ந்த பேட்டரிகளை அருகருகே நிறுத்துபவை. அதற்குள், மூடிய செல்லின் மிச்ச ஆயுளைத் திறக்காமல் நம்பகமாக அளக்கும் முறையும் கைக்கு வர வேண்டியிருக்கிறது. அவசர விளக்குக்கு மட்டும் பேட்டரி வைத்திருக்கும் புதிய ரயில்களுக்கு இரண்டாவது கேள்வியே அவசரமானது.